ஜீவனாம்சமும் காதலும்

இங்கிலீஷில் 'ரீஜன்ஸி ரொமான்ஸ்' என்று ஒரு ஜாதி நாவல் உண்டு. ஜாதி என்று சொல்வது பொருத்தந்தான். அதற்கென்று தனியாக ஆசாரமும் அநுஷ்டானமும் இருக்கின்றன. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் பேதலித்துப் போக, அவருடைய மகன் பிரதிநிதியாக இருந்து ராஜ்யத்தைக் கவனித்த 1811 முதல் 1820 வரையான காலத்தில் கதை நடக்க வேண்டும். குதிரை வண்டி வேண்டும். நடன விருந்து ஒன்றாவது வேண்டும். யாரையும் லட்சியம் செய்யாத பிரபு ஒருவன் வேண்டும். அவனை லட்சியம் செய்யாத பெண் ஒருத்தி வேண்டும். ஜார்ஜெட் ஹேயர் என்ற அம்மாள் 1935-ல் 'ரீஜன்ஸி பக்' என்ற நாவலை எழுதினாள். அதற்குப் பின் இந்த வகை வேரூன்றிப் படர்ந்தது. இன்றைக்கும் அச்சுக்கூடங்கள் இதை விடவில்லை.

வேலூரில் இத்தகைய நாவல்களுக்குப் பஞ்சமே கிடையாது. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இங்கே வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்குகிறார்கள். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டும். ஊர் திரும்பும்போது பெட்டியில் மருந்துக்கு இடம் வேண்டும். புத்தகங்கள் பழைய கடைக்கு வந்துவிடும். அப்படி வந்தவற்றில் பத்துப் பன்னிரண்டை நான் படித்திருப்பேன். அவற்றில் விதவை கதாநாயகியாக வரும் நாவல்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். இருபத்தெட்டு வயதுப் பெண். கிழக்கணவன் இறந்து துக்க காலம் முடிந்திருக்கிறது. அவளைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கண்ணியமானவர், நிலபுலன் உள்ளவர், பேசினால் தூக்கம் வரும். இன்னொருவன் யுத்தத்திலிருந்து திரும்பிய காப்டன், கையில் காசில்லை, பேசினால் தூக்கம் போய்விடும். முந்நூறு பக்கம் அவள் தவிக்கிறாள். கடைசியில் காதலே பெரிது என்று காப்டனிடம் போகிறாள். போன மறுநாள், காப்டனுடைய பெரியப்பா ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்துபோன செய்தி வருகிறது. காப்டன் பிரபுவாகிவிடுகிறான். சுபம்.

இதைச் சிரித்துத் தள்ளிவிடுவது சுலபம். நம்மில் ரசனை மிகுந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்த நாவல்களில் ஒரு பெரிய குணம் இருக்கிறது. ஒரு பெரிய பொய்யும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் விதவையிடம் கேட்கப்படும் கேள்வி, 'யாரை?' என்பது. 'கூடுமா?' என்று யாரும் கேட்பதில்லை. நம் நாவல் பிறந்த நாளிலிருந்து விதவைகள் அதில் இருக்கிறார்கள். அ. மாதவையா 1892-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஆரம்பித்தார். அது நடுவில் நின்று போயிற்று. 1903-ல்தான் 'முத்துமீனாட்சி' என்று புத்தகமாக வந்தது. ஒரு பிராமணப் பெண் தானே தன் கதையைச் சொல்வதாக எழுதி, அவளுக்கு மறுமணமும் செய்து வைத்தார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! ஆனாலும் மாதவையாவும் அவருக்குப் பின் வந்த சீர்திருத்தக்காரர்களும் ஊரோடு வழக்காட வேண்டியிருந்தது. அவர்களுடைய கதையில் விதவை வழக்கின் விஷயம், வாதாடுகிறவர் ஆசிரியர், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வாசகர். அவளுக்கு மறுமணம் ஆகலாமா என்ற விசாரணையிலேயே காலம் போய்விடுகிறது. இரண்டு பேர் வந்து நின்றால் அவள் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று விசாரிக்க யாருக்கும் அவகாசமில்லை. இங்கிலீஷ் ரொமான்ஸ் அந்த அவகாசத்தைத் தருகிறது. ஒரு பெண்ணின் விருப்பு வெறுப்புக்கு முந்நூறு பக்கம் ஒதுக்குவது சின்னக் காரியம் அல்ல. இரவில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு இவற்றைப் படிக்கும் பெண்கள் எதற்காகப் படிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

இனி, பொய். பணக்காரரை மணந்தால் பத்திரம், ஏழையை மணந்தால் காதல் என்று இந்த நாவல்கள் தராசு கட்டுகின்றன. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்தத் தராசே கிடையாது. அங்கே கன்னிப்பெண் தகப்பன் கையில் இருந்தாள். மனைவி கணவன் கையில் இருந்தாள். விவாகமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இருப்பே இல்லை. அவளுடைய ரொக்கம், நகை, சம்பாத்தியம் எல்லாம் கணவனுடையவை. செல்வர் வீடுகளில் தனிப் பத்திரம் எழுதிச் சொத்தில் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த நிலை சரியாக மாற 1882-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. விதவையோ தன் பெயரில் கையெழுத்துப் போட்டு, தன் பணத்தைத் தானே ஆளக்கூடிய பெண். ஆகவே வசதியுள்ள விதவைக்குப் பத்திரமான இடம் நிலபுலன்காரர் வீடும் அல்ல, காப்டன் வீடும் அல்ல. அவள் இருக்கிற வீடேதான். 'உனக்குப் பாதுகாப்புத் தருகிறேன்' என்று வருகிற கண்ணியவான் உண்மையில் அதை எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் முந்நூறு பக்கக் கதையும் ஆட்டம் காணும். அதனால் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காலத்திலேயே வாழ்ந்து எழுதிய ஜேன் ஆஸ்டினுக்கு இது தெரியும். 1817-ஆம் வருஷக் கடைசியில், அவள் இறந்த பிறகு வெளியான 'பெர்ஸுவேஷன்' நாவலில் லேடி ரஸ்ஸல் என்று ஒரு பணக்கார விதவை வருகிறாள். அவள் மறுமணத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. யோசிக்காததற்குச் சமாதானம் சொல்லவும் வேண்டாம் என்று ஆசிரியை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறாள். இதே லேடி ரஸ்ஸல்தான், தாயில்லாப் பெண்ணான ஆன் எலியட்டுக்குப் பத்தொன்பது வயதில் புத்தி சொல்லி, ஏழைக் கப்பற்படை அதிகாரியான வென்ட்வொர்த்தை மறுக்கச் செய்கிறாள். காலடியில் நிலம் உள்ளவள் நிலமில்லாதவளுக்குச் சொல்லும் புத்தி அது. பெண்ணின் எட்டு வருஷ வாழ்வு அதில் கருகிப் போகிறது. ஆனாலும் அவளை வில்லியாக்க ஆஸ்டின் சம்மதிக்கவில்லை. காசில்லாத வாழ்வு எப்படி இருக்கும் என்று ஆஸ்டினுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வருஷம் கழித்து வென்ட்வொர்த் திரும்பி வருகிறான். வரும்போது யுத்தத்தில் பிடித்த கப்பல்களால் கிடைத்த இருபத்தையாயிரம் பவுன் அவனிடம் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பெரியப்பாவைக் கொன்று சம்பாதித்ததை ஆஸ்டின் கப்பலைப் பிடித்துச் சம்பாதித்தாள் என்று வேண்டுமானால் குறை சொல்லலாம். ஆனால் அவள் தொகையை மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறாள். கணக்கை மேஜையின் மேல் வைத்துவிட்டுக் காதலைப் பேசுகிறாள்.

இந்தக் கணக்கை இன்னும் நேராகப் போட்டவள் ஜார்ஜ் எலியட். 1871-72-ல் வெளிவந்த 'மிடில்மார்ச்'சில் டாரதியா என்ற இளம்பெண்ணின் கணவன் கஸாபன் இறந்துபோகிறான். அவன் உயிலின் பின்னிணைப்பைப் பிரித்தால் அதிலே ஒரு நிபந்தனை: லாடிஸ்லா என்ற குறிப்பிட்ட இளைஞனை அவள் மணந்தால் கணவன் சொத்து அவளுக்கு இல்லை. செத்தவன் கை குழியிலிருந்து நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. டாரதியா உதறிவிட்டு லாடிஸ்லாவை மணக்கிறாள். படிக்கும்போது நாம் புல்லரித்துப் போகிறோம். ஆனால் அவளுக்குப் பிறந்த வீட்டு வழியில் வருஷத்துக்கு எழுநூறு பவுன் சொந்த வருமானம் இருக்கிறது. அதை எலியட் ஒளிக்கவில்லை. அந்த எழுநூறு டாரதியாவின் தைரியத்தை எனக்குக் குறைத்துக் காட்டவில்லை, நம்பும்படி செய்கிறது.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகந்தான் வந்தது. அங்கே கஸாபன் என்ற ஒரு வன்மம் பிடித்த மனிதன் உயிலில் எழுதி வைத்தான். இங்கே அதையே சட்டம் எல்லோருக்குமாக எழுதி வைத்திருந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1856-ஆம் வருஷத்து விதவை மறுமணச் சட்டத்தை நாம் பள்ளிக்கூடத்தில் படித்துப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதன் இரண்டாவது பிரிவு என்ன சொல்லிற்று? மறுமணம் செய்துகொண்ட விதவைக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை, ஜீவனாம்ச உரிமை உள்பட, அவள் அன்றே செத்துப்போய்விட்டதுபோல முடிந்துவிடும். மூன்றாவது பிரிவு, குழந்தைகளைத் தங்கள் பொறுப்பில் கேட்டுக் கணவன் வீட்டார் கோர்ட்டுக்குப் போக வழி செய்தது. தாலி கட்டிக்கொள்ளலாம், சோறும் பிள்ளையும் நிச்சயமில்லை.

இது மேல்ஜாதிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. பாலாற்றங்கரையில் எத்தனையோ குடிகளில் அறுத்துக் கட்டுவது தாத்தா பாட்டி காலத்து வழக்கம். அதற்குச் சர்க்கார் சட்டம் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனால் சட்டம் வந்தபின், அப்படிப்பட்ட குடிகளிலும் மறுமணம் செய்தவள் சொத்தை இழப்பாளா என்று கேள்வி எழுந்தது. இழக்க மாட்டாள் என்றது அலகாபாத் உயர்நீதிமன்றம். இழப்பாள் என்ற பக்கம் நின்றது சென்னை. கங்கைக் கரையில் கிடைத்த நியாயம் பாலாற்றங்கரையில் கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ தெருவுக்குத் தெரு மசூதியும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒரு தெருவில் தோல் மண்டிக்காரரான முஸ்லிம் ஒருவர் காலமானால், அவர் மனைவிக்குப் பாக்கி நிற்கும் மஹர் தொகை கடனாகக் கருதப்பட்டு முதலில் தீர்க்கப்பட வேண்டும். பிறகு, பிள்ளைகள் இருந்தால் சொத்தில் எட்டில் ஒரு பங்கு. இல்லாவிட்டால் நாலில் ஒரு பங்கு. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பின் அவள் வேறு ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டால் அந்தப் பங்கு போய்விடாது. அடுத்த தெருவில் அதே வாரம் தாலியறுத்த இந்துப் பெண்ணுக்கு, குடும்பம் பாகம் பிரியாததாக இருந்தால், வெறும் ஜீவனாம்சம். கணவன் பாகம் பிரிந்தவனாக இருந்து மகனும் இல்லாவிட்டால் சொத்து வரும். ஆனால் அதை அவள் இஷ்டப்படி விற்க முடியாது. மறுமணம் செய்தால் அதுவும் போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சந்துதான். சட்டம் கொடுத்ததை வீட்டு மனிதர்கள் கொடுத்தார்களா என்பது வேறு விஷயம். அது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் காதலின் விலை தெருவுக்குத் தெரு மாறுகிறது என்றால், அந்த விலையைப் போட்டது அந்தப் பெண்ணின் மனசு அல்ல என்பது தெரிகிறதல்லவா?

1937-ல் இந்து விதவைக்கும் மகனுக்குச் சமமான ஒரு பங்கு என்று சட்டம் வந்தது; அதுவும் முழு உரிமை இல்லாத பங்கு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டந்தான் அதை முழுச் சொத்தாக்கியது. கைக்கு வந்த பங்கு மறுமணத்தால் திரும்பிப் போகாது என்ற நிலை அதற்குப் பின்னர்தான். பழைய 1856 சட்டத்தை 1983-ல் நீக்கினார்கள். மாமனார் இறப்பதற்கு முன் மறுமணம் செய்துகொண்ட மருமகளுக்கு அவர் சொத்தில் பங்கில்லை என்ற விதிகூட 2005-ல்தான் போயிற்று. கஸாபனுடைய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க நமக்குச் சுமார் நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் மாறிவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். சொத்தே இல்லாதவளுக்குச் சொத்துச் சட்டம் என்ன செய்யும்? அவளுக்குச் சொத்து அவளுடைய கூலிதான். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதப்படுத்தி அப்படியே கப்பலேற்றினார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்தியதும், தோலை முழுக்க முடித்து இங்கேயே செருப்பும் ஷூவும் தைக்க வேண்டியதாயிற்று. தையல் மெஷின்கள் வந்தன. மெஷினுக்கு முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். காலையில் ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி பஸ்களைப் பார்த்தால் தெரியும். டிபன் பாத்திரத்தோடு ஊர் ஊராகப் பெண்கள். ஆற்றைப் பாழாக்கிய தொழில் என்று இதன் மேல் நியாயமான வழக்கு உண்டு. 1996-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதையும் மறக்கக் கூடாது, இந்தப் பஸ்களையும் மறக்கக் கூடாது.

அப்படிக் கம்பெனிக்குப் போய் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பெண் ஒருத்தி, எங்களுக்கு அறிமுகமானவள். கணவன் போய் நாலு வருஷம், இரண்டு குழந்தைகள். நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையை ஒருநாள் அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"ரெண்டு பேர்ல யாருன்னு அப்புறமா பாக்கலாம்ணா. அந்தம்மா பேர்ல வூடு கீதா? அத மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

நாவலைப் புரட்டிப் பார்த்தேன். வீட்டைப் பற்றி ஆசிரியை ஒரு வரிகூட எழுதவில்லை. ஜன்னல் திரையின் நிறம் எழுதியிருந்தாள்.

சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: "என்னக் கேட்டும் ஒருத்தரு வந்துகீறாரு. நல்லவருதான். பசங்களையும் பாத்துக்கறேன்றாரு. ஆனா, வேலைய வுட்டுட்டு வூட்டோட இருன்றாரு. அதான் ரோசனையா கீதுண்ணா."

இருநூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்துச் சட்டத்தை அவள் படித்ததில்லை. ஆனால் பாதுகாப்புத் தருகிறேன் என்று வருகிற நல்லவர், தெரிந்தோ தெரியாமலோ, இருக்கிற பாதுகாப்பைத்தான் முதலில் கேட்கிறார் என்பதை அவள் கண்டுகொண்டுவிட்டாள். அவருடைய நல்ல குணத்தில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவரைப் பிடிக்கவில்லை என்றும் அவள் சொல்லவில்லை. இதுதான் உண்மையான இக்கட்டு. தராசின் ஒரு தட்டில் காதல், மறு தட்டில் காசு என்று வாழ்க்கை பிரித்து வைப்பதில்லை. இரண்டையும் ஒரே ஆள் கையில் கொடுத்து அனுப்பி, வாசலில் நிற்க வைக்கிறது.

நம் மொழியில் இந்த முடிச்சை ஒரு சிறுகதை வெகு லாகவமாக அவிழ்த்திருக்கிறது. ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யை எல்லோரும் கௌரிப் பாட்டிக்காகப் பாராட்டுகிறார்கள். தலை மழித்து வாழ்நாளைக் கழித்த பாட்டி, விதவைப் பேத்தி கீதா மறுமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதிய கடிதத்தைக் கண்டு, மகனை விட்டுப் பேத்தியின் பக்கம் போய் நிற்கிறாள். அபாரமான பாத்திரம், ஆட்சேபம் இல்லை. ஆனால் என் கண் கீதாவின் உத்தியோகத்தின் மேல் போகிறது. அவள் நெய்வேலியில் உபாத்தியாயினி. சம்பளம் வாங்குகிறாள். அப்பாவிடம் அனுமதி கேட்டு எழுதாமல், முடிவைத் தெரிவித்து எழுத முடிகிறது. ஜெயகாந்தன் அந்தச் சம்பளத்தை வைத்துப் பிரசங்கம் செய்யவில்லை. நெய்வேலி பஸ் வருவதும் போவதுமாகக் கதையில் அது தானாக இருக்கிறது. டாரதியாவுக்கு எழுநூறு பவுன் எதுவோ, கீதாவுக்கு அந்த உத்தியோகம் அது. கீதாவின் அன்பை அது மலினப்படுத்தவில்லை. அன்பை அன்பாகவே இருக்க விடுகிறது. சோற்றுக்காக அவள் அவரை மணக்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? சோறு அவளிடம் இருப்பதால்தான் தெரியும்.

காதலா, பாதுகாப்பா என்று கேட்கிற நாவல் நல்ல நாவலா என்பதற்கு என்னிடம் ஒரு சின்ன உரைகல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்தது என்று ஆசிரியர் சொல்கிறாரா? சொல்லிவிட்டு அவள் எதைத் தேர்ந்தாலும் நான் ஒப்புக்கொள்கிறேன். காதலைத் தேர்ந்தால் அது எவ்வளவு தைரியம் என்று அளக்க முடிகிறது. பாதுகாப்பைத் தேர்ந்தால், அவளைப் பேராசைக்காரி என்று ஏச வாய் வருவதில்லை. ஒன்றும் சொல்லாமல், அவளைக் கிணற்று விளிம்பில் நிறுத்தி 'குதி, குதி, காதல் ஏந்திக்கொள்ளும்' என்று கை தட்டுகிற ஆசிரியர்தான் பொய் சொல்கிறார். தாம் சொல்வதை அவரே நம்பவில்லை. நம்பியிருந்தால் பெரியப்பாவைச் சாகடித்துக் கிணற்றில் வலை கட்டியிருக்க மாட்டார்.

கனவு காண்பதற்காகப் படிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 'உனக்கு யாரைப் பிடிக்கிறது?' என்று ஒரு விதவையைக் கேட்கிற கனவு நல்ல கனவு. நம் நாவல்களிலும் அது நிறைய வரட்டும். கேட்கிறவர்கள், அதற்கு முன்னால் ஆம்பூர்ப் பெண் கேட்டதையும் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்.